இருமுறை அழிந்த உலகு: டக்ளஸ் ஆடம்ஸின் வாசகர்களும் அவர்தம் தீர்ப்புகளும்



அவலச் சுவை மிக்க நூலொன்றைப் பற்றிக் கருத்துக் கேட்டால் வாசகர் மணிக்கணக்கில் பேசுவர். சிரிக்க வைத்த நூலைப் பற்றிக் கேட்டாலோ, நன்றாகச் சிரித்தோம் என்ற ஒரே தொடரோடு அவர்தம் திறனாய்வு முடிந்துவிடும். இந்த வழக்கத்திற்கு விலக்காக, ஒரு நகைச்சுவைத் தொடரைப் பற்றி அதன் வாசகர்கள் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக வழக்காடி வருகின்றனர். ஆசிரியர் மறைந்த பின்னரும் வழக்கு முடிந்தபாடில்லை. ஆங்கில எழுத்தாளர் டக்ளஸ் ஆடம்ஸ் படைத்த 'தி ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு டு தி கேலக்ஸி' என்னும் அறிவியல் புனைகதைத் தொடரே அது. சாலையோரம் நின்று கைகாட்டி, போகிற வண்டியில் காசின்றி ஏறிச் செல்லும் பயணியை ஆங்கிலத்தில் ஹிட்ச்ஹைக்கர் என்பர். ஆதலின் 'அண்டவெளி வழிப்போக்கர் கையேடு' எனத் தலைப்பைத் தமிழாக்கலாம். இவ்வுரைக்குக் 'கையேடு' என்ற சுருக்கமே போதும். அதன் வாசகர்கள் எதனைப் பாராட்டினர், எதற்குச் சினந்தனர், அச்சினம் நூலைப் பற்றி எதனைக் காட்டுகிறது என்பவையே இங்கு ஆராயப்படுகின்றன.

ஆடம்ஸ் 1952ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் கேம்பிரிட்ஜ் நகரில் பிறந்தவர். அவருடைய கையேடு முதலில் நூலாக வெளிவரவில்லை. வானொலி நாடகமாகவே பிறந்தது. 1978ஆம் ஆண்டு மார்ச் 8ஆம் நாள் இரவு பத்தரை மணிக்குப் பி.பி.சி. நான்காம் வானொலியில் முதற்பகுதி ஒலித்தது. நாடெங்கும் விளக்கணைத்துப் படுக்கைக்குச் செல்லும் அந்நேரத்தில் ஒலித்த நாடகத்தைக் கேட்டவர் கேளாதவரிடம் கூற, அவர் அடுத்தவரிடம் கூற, அவ்வாண்டிற்குள்ளாகவே அது மறுஒலிபரப்புக் கண்டது. கதைக்குள் வரும் கற்பனைப் பதிப்பகத்தின் பெயரையும், உர்சா மைனர் என்னும் விண்மீன் தொகுதியையும் மட்டும் முகவரியாக எழுதி ஒரு நேயர் மடல் விடுத்தார் என்றும், அஞ்சல் துறையினர் பி.பி.சி.யில் கேட்டுப் பார்க்குமாறு உறைமேல் குறித்து அதனை உரிய இடத்தில் சேர்ப்பித்தனர் என்றும் அந்நாடகத்தை உருவாக்கியோர் பதிவு செய்துள்ளனர். வாசகர் கருத்து என ஒன்று முதலில் தோன்றியது அந்த உறையின் மேல்தான்.

அடுத்த ஆண்டு, 1979 அக்டோபரில், பான் பதிப்பகத்தார் அதனை நூலாக்கினர். முதல் மூன்று திங்களில் இரண்டரை இலட்சம் படிகள் விற்றன. 1980, 1982, 1984, 1992 ஆகிய ஆண்டுகளில் மேலும் நான்கு நூல்கள் தொடர்ந்தன. நான்காவதும் ஐந்தாவதும் வெளிவந்த பின்னரும் முத்தொகுதி என்ற பெயரை மாற்றாமல் வைத்திருந்தது ஆசிரியரின் குறும்பு.

கதையை முற்றக் கூறுதல் இங்கு வேண்டா. தொடக்கம் மட்டும் போதும். ஆர்தர் டென்ட் என்னும் எளிய ஆங்கிலேயன் ஒரு காலைப்பொழுதில் கண்விழிக்கிறான். புறவழிச்சாலை போடுவதற்காக அவனுடைய வீட்டை இடிக்க ஊராட்சியின் இயந்திரங்கள் வாயிலில் வந்து நிற்கின்றன. வரைபடங்கள் அலுவலகத்தில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டிருந்தனவே, அப்போதே ஏன் மறுப்புத் தெரிவிக்கவில்லை என்று அலுவலர் வினவுகிறார். வைக்கப்பட்டிருந்த இடமோ, விளக்கும் படிக்கட்டும் இல்லாத நிலவறை. சற்று நேரத்தில் வோகன் என்னும் வேற்றுக்கோள் இனத்தாரின் கலங்கள் வானில் தோன்றி, அண்டவெளிப் புறவழிச்சாலைக்காகப் பூமியையே இடிக்கப்போவதாக அறிவிக்கின்றன. அதற்கான வரைபடமும் ஐம்பது ஆண்டுகளாக ஆல்ஃபா சென்டாரியில் பார்வைக்கு வைக்கப்பட்டிருந்ததாம்! மனித குலம் போய்ப் பார்க்கவில்லை; குற்றம் மனித குலத்தினுடையது. பூமி அழிகிறது. ஆர்தர் மட்டும், தன் நண்பன் ஃபோர்டு பிரிஃபெக்ட் உண்மையில் வேற்றுக்கோளினன் என்பதனால், அவனோடு தப்பி வோகன் கலத்தினுள் ஒளிகிறான். அலுவலகக் கதவுகளின் முன் நின்று களைத்தவர் எந்நாட்டினராயினும் இப்பகுதியைப் படித்துச் சிரித்தே தீருவர். கோடானுகோடி உயிர்கள் ஒரு பக்கத்தில் மடிந்தன என்ற நினைவு அச்சிரிப்பிடையே எழுவதேயில்லை. இச்செய்தி மனத்திற்கொள்ளத் தக்கது. பின்னர் இதுவே வழக்கின் நடுப்புள்ளி ஆகிறது.

கவிஞர்கள் நிறைந்த அவையில் வோகன் கவிதையைக் கூறாது செல்லுதல் முறையன்று. கலத்தினுள் ஒளிந்த இருவரும் பிடிபடுகின்றனர். கலத்தின் தலைவன் ஒரு கவிஞன். அண்டத்திலேயே மிக மோசமான கவிதைகளின் வரிசையில் வோகன் கவிதை மூன்றாம் இடத்தைப் பெற்றது என்று கையேடு கூறுகிறது. கைதிகளை நாற்காலியில் பிணித்துத் தன் கவிதையை அவன் படித்துக் காட்டுகிறான். படித்து முடித்ததும் கருத்துக் கேட்கிறான். கவிதை நன்று என்று சொல்லாவிடில் கலத்திலிருந்து வெற்றுவெளியில் எறியப்படுவர். ஆர்தர் உயிருக்கு அஞ்சி, கற்றறிந்த திறனாய்வாளர் வழங்கும் கலைச்சொற்களையெல்லாம் கோத்து ஒரு பாராட்டுரை நிகழ்த்துகிறான். ஃபோர்டும் உடன் சேர்ந்துகொள்கிறான். தலைவனின் நெஞ்சு ஒருகணம் இளகுகிறது. ஆயினும் தன்னுடைய கொடுமை துலங்கித் தோன்றவே தான் கவிதை எழுதுவதாகக் கூறி, அவர்களை எறியுமாறு ஆணையிடுகிறான்.

வாசகருள் ஒரு சாரார் இதனைப் போலிக் கவிஞர்களின் மேல் வீசிய சாட்டை என்கின்றனர். மறுசாரார் போலித் திறனாய்வின் மேல் வீசியது என்கின்றனர். இரண்டாம் சாராரின் கூற்றே பொருத்தமுடையது. வோகன் கவிஞன் பொய் சொல்லவில்லை. பொய் சொன்னவன் நாற்காலியில் பிணிக்கப்பட்ட வாசகன். அச்சத்தினாலும் முகத்தாட்சண்யத்தினாலும் பிறக்கும் பாராட்டுரை எப்படி அமையும் என்பதை இதைவிடக் கூர்மையாகக் காட்டிய பகுதி ஆங்கில நகைச்சுவையில் மிகச் சிலவே. கவியரங்குகளில் அமர்ந்து பழகியவர்க்கு அந்த நாற்காலி முற்றிலும் புதியதன்று.

வெற்றுவெளியில் எறியப்பட்ட இருவரையும் ஆசிரியர் எவ்வாறு காப்பாற்றினார் என்பதில்தான் அறிவியல் புனைகதை வாசகர்களின் முதல் மனக்குறை தொடங்குகிறது. அங்கே வேறொரு கலம் வந்து காப்பாற்றுவது நடக்கவியலாத ஒன்று. கதையை எழுதிக்கொண்டே சென்ற ஆடம்ஸ் தாமே அந்த முட்டுச்சந்தில் சிக்கிக்கொண்டார். நடக்கவியலாமையே இடர் எனின் அதனையே எரிபொருளாக்கினால் என்ன என்று எண்ணி, நிகழ்தகவின்மையால் இயங்கும் ஒரு விண்கலத்தைப் படைத்துவிட்டார். இஃது அறிவியலன்று, தப்பிக்கும் வழி என்று கடிந்தோர் உண்டு. அவர்கள் கூறுவது முற்றும் உண்மை. எனினும் ஒரு நூலின் குறையையே அந்நூலின் சிறந்த நகைச்சுவையாக மாற்றியவரிடம் அக்குறையைச் சுட்டிக்காட்டுவதால் விளையும் பயன் யாது? 1979ஆம் ஆண்டு பிரைட்டன் நகரில் கூடிய உலக அறிவியல் புனைகதை மாநாட்டில், வாசகர் வாக்களித்து வழங்கும் ஹியூகோ பரிசிற்கு வானொலிக் கையேடு முன்மொழியப்பட்டது. 'சூப்பர்மேன்' திரைப்படம் வென்றது. பரிசு பெற மேடையேறிய நடிகர் கிறிஸ்டோபர் ரீவ், இது கையேட்டிற்கு உரியது என்னும் பொருள்படப் பேச, அவையினர் ஆரவாரித்தனர். நிகழ்தகவு எந்திரத்தை ஏற்காதவர்களும் அவ்வரங்கில் இருந்திருப்பர். ஆரவாரத்தில் அவர்கள் குரல் எடுபட்டிருக்க வழியில்லை.

வாசகர்கள் பெரிதும் உழைத்த இடம் 42 என்னும் எண். வாழ்வு, அண்டம், ஏனைய எல்லாவற்றையும் பற்றிய இறுதி வினாவிற்கு விடை காணுமாறு ஒரு மாபெரும் கணிப்பொறியிடம் கேட்கின்றனர். எழுபத்தைந்து இலட்சம் ஆண்டுகள் எண்ணிய பின் அது தரும் விடை 42. வினா யாது என்பது எவர்க்கும் தெரியாது. இந்த எள்ளலைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போயிருக்க வேண்டிய வாசகர்கள், அதனை அவிழ்க்கத் தொடங்கினர். இரண்டாம் நூலின் முடிவில் ஆறை ஒன்பதால் பெருக்கினால் என்ன என்பதே வினா எனத் தோன்றும்படி ஒரு குறிப்பு வருகிறது. ஆறொன்பது ஐம்பத்து நான்கு. ஆனால் பதின்மூன்றை அடிமானமாகக் கொண்டு எழுதினால் அது 42 ஆகும் என்று கணக்கறிந்த வாசகர் கண்டனர். கணிப்பொறிக் குறியீட்டு அட்டவணையில் 42ஆம் இடத்தில் உடுக்குறி நிற்கிறது. எதுவாயினும் ஆகலாம் என்பதே அதன் பொருள் என்றனர் சிலர். லூயிஸ் கரோலின் நூல்களில் 42 பயில்வதை எடுத்துக்காட்டினர் வேறு சிலர். ஆடம்ஸோ 1993இல் வாசகர்க்கு அளித்த விடையொன்றில், சாதாரணமான, சிறிய ஓர் எண் வேண்டியிருந்தது, தோட்டத்தை நோக்கியவாறு அமர்ந்திருக்கையில் இது போதும் எனப்பட்டது, அவ்வளவே எனத் தெளிவுறுத்தினார். பதின்மூன்று அடிமானத்தில் தாம் நகைச்சுவை எழுதுவதில்லை என்றும் மறுத்தார்.

வாசகர்கள் அதனை ஏற்றுக்கொண்டார்களா? இல்லை. ஆசிரியருக்குத் தெரியாமலே பொருள் அமைந்திருக்கலாம் என்று வாதிட்டனர். உரையாசிரியர் மரபில் வளர்ந்தவர்க்கு இவ்வாதம் நன்கு பழகியதே. எண்ணின் புகழ் அதன்பின் நூலின் எல்லையைக் கடந்தது. 1998இல் அல்லாமல் 2001 பிப்ரவரியில் கண்டறியப்பட்ட ஒரு குறுங்கோளின் முதற் குறியீட்டில் 2001 என்ற ஆண்டும், டி, ஏ என்னும் எழுத்துகளும், 42 என்ற எண்ணும் சேர்ந்து அமைந்திருந்தன. ஆடம்ஸ் மறைந்த ஆண்டும் 2001. எழுத்துகள் அவர்தம் பெயரின் முதலெழுத்துகள். 2005இல் அக்கோளுக்கு அவர் பெயரே இடப்பட்டது. மூன்று முழு எண்களின் கனங்களைக் கூட்டிப் பெறுதல் என்னும் கணிதச் சிக்கலில், 100க்குக் கீழ்ப்பட்ட எண்களுள் இறுதிவரை தீராதிருந்தது 42 ஆகும். பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ புக்கரும் எம்.ஐ.டி.யின் ஆண்ட்ரூ சதர்லாண்டும் 2019இல் அதற்கு விடை கண்டனர். இதில் ஆடம்ஸிற்குப் பங்கேதும் இல்லை, தற்செயலே. ஆனால் அவர்தம் வாசகர்களுக்குத் தற்செயல் என்ற சொல்லை ஏற்பது கடினம்.

அறிவியலாளர் பலர் இத்தொடரின் வாசகர்கள் என்பதற்குப் பெயர்களே சான்று. கதையில் வரும் 'டீப் தாட்' என்னும் கணிப்பொறியின் பெயரைத்தான் 1980களில் கார்னகி மெல்லன் பல்கலைக்கழக மாணவர் தம் சதுரங்க இயந்திரத்திற்குச் சூட்டினர். செவியில் இட்டால் எம்மொழியும் விளங்கச் செய்யும் 'பேபல் மீன்' என்னும் பெயரை 1997இல் இணைய மொழிபெயர்ப்புச் சேவையொன்று பெற்றது. வழிப்போக்கனுக்கு இன்றியமையாத பொருள் துண்டு என்று கையேடு புகழ்வதை நினைந்து, மே 25ஆம் நாளில் வாசகர்கள் துண்டு தரித்து நடக்கின்றனர். ஆடம்ஸ் மறைந்த இரு வாரங்களில், 2001இல், இவ்வழக்கம் தொடங்கிற்று. விரிக்கவும் போர்த்தவும் தலைக்குக் கட்டவும் துண்டு உதவும் என்று விரிவாக விளக்கி ஆங்கிலேயரை அவர் சிரிக்க வைக்க முடிந்தது. தோளில் துண்டின்றி வெளியிறங்காத மக்களிடையே அதே பகுதி நகைச்சுவையாகாமல் வெறும் செய்தியாகிவிடும் இடரும் உண்டு.

2003இல் பி.பி.சி. நடத்திய 'பெரும் வாசிப்பு' வாக்கெடுப்பில், பிரித்தானிய மக்கள் தமக்கு உகந்த புதினங்களைத் தேர்ந்தபோது கையேடு நான்காம் இடம் பெற்றது. டோல்கீன், ஜேன் ஆஸ்டின், ஃபிலிப் புல்மன் ஆகிய மூவரே அதற்கு முன் நின்றனர். இத்தகைய இடத்தை ஒரு கேலி நூல் பெற்றதை ஒப்பாதவர்கள் வைக்கும் குற்றச்சாட்டு வலியது. இதில் கதைமாந்தர் இல்லை, நகைச்சுவையை ஏந்தி வரும் தட்டுகளே உள்ளன என்பது அவர்தம் கூற்று. ஆர்தர் எப்போதும் தேநீர் தேடுகிறான். ஃபோர்டு விருந்து தேடுகிறான். இரண்டு தலை கொண்ட சேஃபோட் தன்னையே தேடுகிறான். ட்ரில்லியன் வானியற்பியல் கற்ற பெண்; ஆயினும் முதல் இரு நூல்களில் அவளுக்குத் தரப்பட்ட பணி, ஆடவர் மூவரின் அறியாமைக்கு எதிரே நின்று பெருமூச்சு விடுவது. பெண் வாசகர்கள் நெடுங்காலமாக எடுத்துரைத்துவரும் இக்குறைக்கு மறுப்பில்லை.

இவர்களுக்கு விடையாக மற்றவர்கள் மார்வினைக் காட்டுவர். மார்வின் ஓர் இயந்திர மனிதன். பேரறிவு படைத்தவன், கதவு திறக்கவும் காவல் நிற்கவும் ஏவப்படுபவன், அதனால் தீராச் சோர்வுற்றவன். தொல்காப்பியம் நகைக்கு எள்ளலையும் இளமையையும் பேதைமையையும் மடனையும் நிலைக்களன்களாக வகுத்தது. வோகன்களிடம் எள்ளல் உண்டு; ஆர்தரிடம் பேதைமை உண்டு. மார்வின் இந்நான்கினுள் எளிதில் அடங்கமாட்டான். அவனிடத்தில் நகை அழுகைக்கு மிக அருகில் நிற்கிறது. நான்காம் நூலில் அவன் அழிந்துபடும் இடத்தில், படைத்தோன் தன் படைப்பிற்கு விட்டுச்சென்ற இறுதிச் செய்தியைப் படிக்கிறான். அஃது ஒரு சிறு மன்னிப்பு வேண்டல் மட்டுமே. தன் வாழ்நாளில் முதன்முறையாக அவன் மனம் நிறைவுறுகிறான். அவ்விடத்தில் கண்கலங்கினோம் என்று கூறாத வாசகர் அரியர். தட்டு உடைந்தால் எவரும் கண்கலங்குவதில்லை.

எந்தக் கையேட்டைப் பற்றிக் கருத்துரைப்பது என்பதும் ஒரு சிக்கல்தான். வானொலி வடிவம் ஒன்று, நூல் மற்றொன்று, 1981இன் தொலைக்காட்சித் தொடர் வேறு, 1984இன் கணிப்பொறி விளையாட்டு வேறு, 2005இன் திரைப்படம் வேறு. ஒன்றில் நடப்பது மற்றொன்றில் நடப்பதில்லை. வானொலியின் ஐந்தாம் ஆறாம் பகுதிகளை ஜான் லாயிடுடன் சேர்ந்து எழுதிய ஆடம்ஸ், நூலாக்கும்போது லாயிடு எழுதியவற்றைப் பெரிதும் நீக்கிவிட்டார். ஏடு பெயர்த்தெழுதுவோரால் பாடபேதம் நேர்வதைத் தமிழறிஞர் அறிவர்; இங்கே பாடபேதங்களையெல்லாம் ஆசிரியரே செய்தார். மூல பாடம் எது என்று வாசகர் கேட்டால், ஒவ்வொருவரும் தாம் முதலில் கேட்டதை அல்லது படித்ததையே சுட்டினர். திரைப்படம் வந்தபோது இது வேடிக்கையானது. புதிய பாத்திரமொன்றையும் புதிய கருவியொன்றையும் கண்டு, ஆடம்ஸ் ஒருநாளும் இப்படி எழுதியிருக்க மாட்டார் என்று குமுறியவர்கள் பலர். அவ்விரண்டும் ஆடம்ஸ் தாமே திரைக்கதைக்காகப் படைத்தவை. ஆசிரியரை ஆசிரியரிடமிருந்தே காக்க முனையும் அளவிற்கு அன்பு முதிர்ந்துவிட்டது.

எழுதுவதில் ஆடம்ஸ் காட்டிய தாமதம் புகழ்பெற்றது. காலக்கெடு கடந்துகொண்டே சென்றதால், எழுதிக்கொண்டிருக்கும் பக்கத்தை முடித்து அனுப்புமாறு பதிப்பகத்தார் கூறினர் என்றும், முதல் நூல் திடுமென முடிவதற்கு அதுவே காரணம் என்றும் அவர் சொல்வதுண்டு. மூன்றாம் நூல், 'டாக்டர் ஹூ' தொலைக்காட்சித் தொடருக்காக அவர் முன்பு எழுதி ஏற்கப்படாத ஒரு கதையிலிருந்து உருவானது; கிரிக்கெட் ஆட்டமே அதன் அடிப்படை. அமெரிக்க வாசகர் பலர்க்கு அதன் நயம் எட்டவில்லை. கிரிக்கெட்டை அறிந்த நாடுகளின் வாசகரோ அதன் பாதி நகைச்சுவையை அடிக்குறிப்பின்றியே பெற்றனர். நான்காம் நூலை எழுதுவிக்கப் பான் பதிப்பகத்தின் ஆசிரியர் சோனி மேத்தா, விடுதி அறையொன்றில் ஆடம்ஸுடன் தாமும் தங்கிக் காவலிருக்க வேண்டியதாயிற்று. புது தில்லியில் பிறந்த மேத்தா அன்று அவ்வாறு அமர்ந்திராவிடில் அந்நூல் வெளிவந்திராது.

அந்நான்காம் நூலைப் பற்றிய கருத்துகள் கசப்பானவை. விண்கலம் எங்கே, சேஃபோட் எங்கே என்று கேட்டனர். அதில் பூமி மீண்டும் தோன்றுகிறது. ஆர்தர் ஃபென்சர்ச் என்னும் பெண்ணைக் காதலிக்கிறான். ஏறத்தாழ நூல் முழுதும் அக்காதலே. அறிவியல் சாகசம் வேண்டி வந்தவர்க்கு அது சுவைக்கவில்லை. ஆனால் எட்டாண்டுகள் கழித்து, 1992இல், 'மோஸ்ட்லி ஹார்ம்லெஸ்' என்னும் ஐந்தாம் நூல் வந்தபோது, அதே வாசகர்கள் ஃபென்சர்ச்சிற்காக வாதாடினர். அவள் விண்பயணத்தின்போது இருக்கையிலிருந்து மறைந்துபோனாள் என்று அந்நூல் ஒரு சில வரிகளில் சொல்லிவிட்டு அப்பால் நகர்கிறது. நூலின் முடிவில் பூமி மறுபடியும் அழிகிறது. இம்முறை நிகழக்கூடிய உலகங்கள் அனைத்திலும் உள்ள பூமிகள் அனைத்தும், ஆர்தர், ஃபோர்டு, ட்ரில்லியன் எல்லோருடனும் சேர்ந்து, மீள வழியின்றி அழிகின்றன.

வாசகர் கொதித்தனர். இது வஞ்சகம் என்றனர். ஆசிரியர் தம் படைப்பின்மேல் கொண்ட வெறுப்பைத் தங்கள்மேல் காட்டிவிட்டார் என்றனர். நூலை நான்காவதோடு நிறுத்திக்கொள்ளுமாறு புதியவர்களுக்கு அறிவுரை கூறுவோர் பின்னரும் இருந்தனர்.

இங்கேதான் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். முதல் நூலில் பூமி அழிகிறது, எல்லோரும் சிரித்தனர். ஐந்தாம் நூலில் அதே பூமி, அதே வோகன்களின் ஏற்பாட்டால் அழிகிறது; எல்லோரும் சினந்தனர். நிகழ்ச்சி ஒன்றே. வோகன்கள் முன்பு விட்ட பணியை முடித்தார்கள். அலுவலகக் கோப்பு ஒன்று மூடப்பட்டது. எள்ளலும் குறையவில்லை. இடையில் மாறியது ஒன்றே ஒன்றுதான்: பதின்மூன்று ஆண்டுகளாக வாசகர் ஆர்தருடன் உடன் நடந்திருந்தனர். தேநீர் கிடைக்காத அவனுடைய துன்பத்தையும், வீட்டு நினைவையும், ஊர் திரும்பிய களிப்பையும் பங்கிட்டிருந்தனர். கதைமாந்தர் வெறும் தட்டுகளே என்று முன்னர்த் திறனாய்வாளர் உரைத்த தீர்ப்பிற்கு, வாசகரின் அந்தக் கோபத்தைவிட வலுவான மறுப்பு வேறெங்கும் கிடைக்காது. பாராட்டுரைகள் எதுவும் நிறுவ இயலாததை வசைமொழிகள் நிறுவிவிட்டன. வசைபாடியவர்கள் அதனை உணர்ந்திலர் என்பது வேறு.

ஐந்தாம் நூலுக்காக வாதாடும் சிறுபான்மையினரும் உளர். அவர்தம் வாதம் கூர்ந்து படித்தவரின் வாதம். மூன்றாம் நூலில் அக்ரஜாக் என்னும் உயிர் வருகிறது. அது பிறவிதோறும் ஆர்தரால் அவனறியாமலே கொல்லப்படுவது. ஈயாகப் பிறந்தால் அவன் கையால் சாவு. வேறு பிறவி எடுத்தால் வேறு விதமாக அவனால் சாவு. மறுபிறப்புக் கொள்கையில் ஊறிய மண்ணின் வாசகர் இந்த நகைச்சுவையின் முழு ஆழத்தையும் காண்பர். வினை செய்தவனுக்கு வினை தெரியாது, பயன் நுகர்பவனுக்கோ பிறவியெல்லாம் நினைவிருக்கிறது. ஸ்டாவ்ரோமுலா பீட்டா என்னுமிடத்தில் ஆர்தர் குனிந்து தப்ப, அவனுக்கு உரிய குண்டு தன்மேல் பாய்ந்ததாக அக்ரஜாக் பழிகூறுகிறது. ஆர்தரோ அப்படியோர் இடத்திற்கு இன்னும் சென்றதேயில்லை. ஆகவே அங்குச் செல்லும்வரை தனக்குச் சாவில்லை என்று அவன் உறுதி கொள்கிறான். 1982இல் போட்ட இந்த முடிச்சு 1992இல், ஐந்தாம் நூலின் இறுதிப் பக்கங்களில் அவிழ்கிறது. அவ்விடம் ஒரு கோள் அன்று. இலண்டன் மாநகரின் ஒரு கேளிக்கை விடுதியின் பெயரே அது. ஆர்தரின் மகள் சுடுகிறாள், ஆர்தர் குனிகிறான், பின்னால் நின்றவன் வீழ்கிறான். இனித் தனக்குக் காப்பில்லை என்று ஆர்தருக்கு விளங்குகிறது. அந்த அறிவோடு அவனுக்கு ஓர் அமைதி வருவதையும் நூல் சொல்கிறது. கதைப்பின்னல் அறியாதவர் என்று இகழப்பட்ட ஒருவர் பத்தாண்டு இடைவெளியில் இதனை முடித்திருக்கிறார். ட்ரில்லியனுக்கும் அந்நூலில்தான் உயிர் வந்தது. விண்வெளிக்குப் போன ட்ரில்லியனும், போகாமல் பூமியில் தங்கி அதனை எண்ணி எண்ணி ஏங்கும் அவளது மறுவடிவமும் ஒரே நூலில் எதிரெதிரே நிற்கின்றனர். ஐந்தனுள் கட்டுமானத்தால் சிறந்தது ஐந்தாவதே. ஆனால் வாசகரின் வருத்தத்தைக் கட்டுமானத்தால் ஆற்ற இயலாது.

ஆடம்ஸும் அவ்வருத்தத்தைத் தள்ளிவிடவில்லை. தமக்குத் துன்பமான ஓராண்டில் எழுதியதால் நூல் இருண்டுவிட்டது என்றும், ஆறாவதாக ஒன்றை எழுதி மகிழ்ச்சியான குறிப்பில் முடிக்க விருப்பமென்றும் நேர்காணல்களில் கூறினார். எழுதவில்லை. 2001ஆம் ஆண்டு மே 11ஆம் நாள் கலிஃபோர்னியாவில் மாரடைப்பால் மறைந்தபோது அவருக்கு வயது 49. முடிவுறாத கையெழுத்துப் படிகள் 2002இல் 'தி சால்மன் ஆஃப் டவுட்' என்ற பெயரில் தொகுத்து வெளியிடப்பட்டன. அவர்தம் துணைவியாரின் இசைவுடன் அயர்லாந்து எழுத்தாளர் இயோன் கோல்ஃபர் ஆறாம் நூலை எழுத, முதல் நூல் வெளிவந்து சரியாக முப்பது ஆண்டுகள் நிறைந்த நாளில், 2009 அக்டோபர் 12ஆம் நாள், அது வெளிவந்தது. ஆசிரியரின் எண்ணத்தை நிறைவேற்றியது என்றனர் சிலர். நடை ஒத்திருந்தும் மூச்சு வேறு என்றனர் பலர். பலரின் கருத்தே சரி. ஆடம்ஸின் நகைச்சுவை அவருடைய சொற்றொடரின் நடுவில் பிறப்பது. உட்ஹவுஸைக் குருவாகக் கொண்டு அவர் பயின்ற தொடரமைப்பு அது. கதையைத் தொடரலாம், தொடரமைப்பைத் தொடர்தல் அரிது.

அதற்கு முன்பே, வாசகர் கேட்ட முடிவு வேறொரு வாயிலில் வந்திருந்தது. டர்க் மேக்ஸ் என்பார் 2004, 2005ஆம் ஆண்டுகளில் எஞ்சிய மூன்று நூல்களையும் அதே வானொலிக்கு நாடகமாக்கினார். உயிரோடிருந்த பழைய நடிகர்கள் மீண்டும் கூடினர். இறுதிப் பகுதியில் பூமி அழியும் கணத்தில், செவியிலுள்ள பேபல் மீன்கள் கதைமாந்தரைத் தூக்கிக்கொண்டு தப்புகின்றன. ஆர்தர் ஃபென்சர்ச்சை மறுபடி காண்கிறான். மார்வினும் திரும்பி வந்திருக்கிறான். 1992இலிருந்து மனம் ஆறாதிருந்தவர்கள் பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின் ஆறினர். சாகத் துணிந்த ஆர்தரின் அமைதியைப் பறித்துவிட்டீர்கள் என்று ஐந்தாம் நூலின் காவலர்கள் அதற்கும் வழக்குத் தொடுத்தனர்.

அந்நாடகத்தில் அக்ரஜாக்கின் பாத்திரத்தைத் தாமே ஏற்க வேண்டுமென்பது ஆடம்ஸின் விருப்பம். ஒலிநூலுக்காக முன்னரே அவர் படித்துப் பதிவு செய்திருந்த குரலை எடுத்து, ஆர்தராக நடித்த சைமன் ஜோன்ஸின் குரலோடு இணைத்தனர். 2004இல் நேயர்கள் வானொலியில் அதனைக் கேட்டனர். மூன்றாண்டுகளுக்கு முன் இறந்துவிட்ட ஆசிரியர், தாம் படைத்த ஆர்தரை நோக்கி, நீ என்னை எத்தனை முறைதான் கொல்வாய் என்னும் பொருள்படச் சினந்து கத்திக்கொண்டிருந்தார். ஆர்தரோ ஒன்றும் புரியாமல், வழக்கம்போல் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தான்.